காவலாளியை எழுப்புகிறவர்

ஹைதராபாத் மாதாப்பூரில் இரவு வேலை பார்த்த காலத்தில் எனக்கு ஆகாத பொழுது ஞாயிறு நள்ளிரவு. வாரம் முழுக்க ஓடும் சர்வர்களை நிறுத்திச் சரிபார்க்க அந்த மூன்று மணிநேரம்தான் கிடைக்கும். ஒருமுறை பாதுகாப்புத் திருத்தம் ஒன்றைப் போட்டுவிட்டு ஒரு யூனிக்ஸ் எந்திரத்தை ரீபூட் செய்தோம். எந்திரம் எழுந்தது. நெட்வொர்க் எழுந்தது. உள்ளே நுழைந்து பார்க்கவும் முடிந்தது. வேலை முடிந்ததென்று டீ குடிக்கக் கீழே இறங்கினோம். டீ ஆறுவதற்குள் போன் வந்துவிட்டது: தரவுத்தளத்தைக் காணோம்.

காணாமல் எங்கும் போய்விடவில்லை, தூங்கிக்கொண்டிருந்தது. யாரும் எழுப்பவில்லை, அவ்வளவுதான். ஆரக்கிள் தரவுத்தளம் நிறுவிய யூனிக்ஸ் எந்திரங்களில் ‘ஓராடேப்’ என்று ஒரு சின்னக் கோப்பு உண்டு. தரவுத்தளத்தின் பெயர், அதன் மென்பொருள் இருக்கும் இடம், கடைசியில் ஓர் எழுத்து. அந்த எழுத்து ‘ஒய்’ என்றிருந்தால், எந்திரம் எழும்போது ஓடும் தொடக்க நிரல் தரவுத்தளத்தையும் எழுப்பும். ‘என்’ என்றிருந்தால் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போய்விடும். எங்களுடையதில் ‘என்’ இருந்தது. என்றைக்கோ யாரோ சோதனைக்காக மாற்றிவிட்டு மறந்த எழுத்து. எந்திரம் ஓராண்டுக்கு மேல் ரீபூட்டே ஆகாமல் ஓடியதால் அந்தத் தவறு யார் கண்ணிலும் படாமல் கிடந்திருக்கிறது. எழுத்தை மாற்ற ஒரு நொடி ஆனது. அதற்கு விளக்கக் கடிதம் எழுத இரண்டு நாள் ஆனது.

தரவுத்தளத்தின் பாதுகாப்பு என்றால் நம் மனதில் வருவது வங்கி லாக்கர் அறை. வாசலில் ஒரு காவலாளி, அவர் கையில் ஒரு பெயர்ப்பட்டியல், யார் எந்தப் பெட்டியைத் திறக்கலாம் என்பது அதில். சரிதான். ஆனால் அந்தக் காவலாளியைக் காலையில் ஒருவர் எழுப்ப வேண்டும். பட்டியலை ஒருவர் கையில் கொடுக்க வேண்டும். ‘இன்றைக்கு யாரையும் விசாரிக்காதே, வருகிறவர்களை எல்லாம் உள்ளே விடு’ என்று எழுப்பும்போதே காதில் சொன்னால் அவர் அப்படியே செய்வார். எதிர்த்துப் பேச அவருக்கு வழியில்லை. எழுப்புகிறவர் யார், எழுப்பும்போது என்ன சொல்கிறார் என்பதில்தான் லாக்கர் அறையின் பத்திரம் பாதிக்கு மேல் இருக்கிறது.

1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கிய யூனிக்ஸில் ஒவ்வொரு பயனருக்கும் ஓர் எண் உண்டு. பெயர் நமக்காக. எந்திரத்தின் உள்மனமான கெர்னல் பார்ப்பது எண்ணை. அந்த எண் பூஜ்யம் என்றால் கேள்வியே கிடையாது: எந்தக் கோப்பையும் படிக்கலாம், அழிக்கலாம், எந்த நிரலையும் நிறுத்தலாம். அந்தப் பூஜ்யத்துக்குத்தான் ‘ரூட்’ என்று பெயர். உருப்படாத பிள்ளையைப் பூஜ்யம் என்று திட்டுகிற ஊர் நம்முடையது. யூனிக்ஸிலோ பூஜ்யம்தான் சக்கரவர்த்தி.

இவ்வளவு அதிகாரம் உள்ள கணக்கின் பெயரில் தரவுத்தளத்தை ஓடவிடக் கூடாது என்பது தொழிலில் ஆரம்பப் பாடம். உலகத்தோடு நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருக்கும் நிரல் அது. அதில் ஓர் ஓட்டை விழுந்து வெளியாள் ஒருவர் அதன் வழியே நுழைந்தால், அந்த நிரல் யார் பெயரில் ஓடுகிறதோ அவருடைய அதிகாரம் முழுவதும் நுழைந்தவருக்குக் கிடைக்கும். அதனால்தான் தரவுத்தளத்துக்கென்று தனிக் கணக்கு ஒன்று உண்டாக்குகிறார்கள். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்கு ‘போஸ்ட்கிரெஸ்’, ஆரக்கிளுக்கு ‘ஆரக்கிள்’, மைஎஸ்கியூஎல்லுக்கு ‘மைஎஸ்கியூஎல்’. தன் சொந்தக் கோப்புகளைத் தவிர வேறெதையும் தொட முடியாத கணக்குகள். மடப்பள்ளியில் சமைக்கிறவருக்குக் கருவூலச் சாவி எதற்கு?

போஸ்ட்கிரெஸ் இதில் பிடிவாதக்காரர். ரூட் பெயரில் எழுப்பினால் ஒரு வரி திட்டிவிட்டு எழ மறுக்கும். தன் தரவுக் கோப்புகள் இருக்கும் அடைவை மற்ற பயனர்களும் எட்டிப்பார்க்கலாம் என்ற நிலையில் அனுமதிகள் இருந்தாலும் எழாது. மைஎஸ்கியூஎல் வேறு விதம்: தன் அமைப்புக் கோப்பை யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்ற நிலையில் அது இருந்தால், அந்தக் கோப்பையே ஒதுக்கித் தள்ளிவிட்டு எழும். அமைப்புக் கோப்பில் பார்த்துப் பார்த்து எழுதிய ஒரு வரிகூட நடப்பில் வரவில்லையே என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும் புதியவர்களில் சிலருக்கு விடை இதுதான். இரண்டுக்கும் பின்னால் இருக்கும் சந்தேகம் ஒன்றே. யார் கையும் பட்டிருக்கக்கூடிய கட்டளையை நம்பாதே.

இனி நிர்வாகியின் கணக்கு. டிபிஏ என்று அலுவலகங்களில் சொல்கிறோமே, அவர் தரவுத்தளத்துக்குள் எப்படி நுழைகிறார்? கடவுச்சொல் கொடுத்து என்றுதான் வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். பெரும்பாலும் அப்படி இல்லை. அதே எந்திரத்தில் உட்கார்ந்திருந்தால், தரவுத்தளம் கெர்னலிடம் கேட்டுக்கொள்கிறது: ‘இந்தப் பக்கம் பேசுகிறவர் யார்?’ போஸ்ட்கிரெஸ் கணக்குதான் என்று கெர்னல் சொன்னால் கதவு திறந்துவிடும். ஆரக்கிளில் இதைவிட வேடிக்கை. எந்திரத்தில் ‘டிபிஏ’ என்றொரு பயனர் குழு இருக்கும். அதில் உங்கள் பெயர் இருந்தால் உச்ச அதிகாரமான ‘சிஸ்டிபிஏ’வாக நேரே நுழையலாம். கேலிக்காகக் கடவுச்சொல்லாக எதையாவது தட்டினாலும் உள்ளே விடும். பயிற்சி வகுப்பில் இதை முதலில் காட்டும்போது மாணவர்கள் மென்பொருளில் பிழை என்றே நினைப்பார்கள். பிழை இல்லை. உங்களை யூனிக்ஸ் ஏற்கெனவே விசாரித்து உள்ளே விட்டுவிட்டது, நான் ஏன் மறுபடி விசாரிக்க வேண்டும் என்கிறது ஆரக்கிள். ஆக, தரவுத்தளத்தின் தலைச்சாவி அதற்குள் இல்லை. எந்திரத்தின் பயனர் பட்டியலில், ஒரு குழுவின் உறுப்பினர் வரிசையில் தொங்குகிறது. அந்த வரிசையில் ஒரு பெயரைச் சேர்க்க ரூட் ஒருவரால் முடியும்.

எழுப்பும்போது காதில் சொல்லும் விஷயத்துக்கு வருவோம். மைஎஸ்கியூஎல்லின் நிர்வாகி தன் கடவுச்சொல்லை மறந்துவிட்டால் மீள்வதற்கு ஒரு பழைய வழி உண்டு. சர்வரை நிறுத்திவிட்டு, அனுமதிப் பட்டியலைப் படிக்காமலே எழு என்று ஒரு விருப்பத்தைச் சேர்த்து எழுப்ப வேண்டும். அப்போது வருகிற எவருக்கும் எல்லா அதிகாரமும் உண்டு. கடவுச்சொல்லை மாற்றிவிட்டு, அந்த விருப்பத்தை நீக்கி, மறுபடி எழுப்ப வேண்டும். கடைசிப் படியை மறந்தவர்கள் ஏராளம். அதனால் 8.0 பதிப்பில், இந்த விருப்பத்தோடு எழுந்தால் வெளி நெட்வொர்க் தொடர்புகளை மைஎஸ்கியூஎல் தானே மூடிக்கொள்கிறது. போஸ்ட்கிரெஸில் இதற்கு இணையானது ‘டிரஸ்ட்’ என்ற ஒரு சொல். யார் எங்கிருந்து எப்படி வரலாம் என்று வரி வரியாக எழுதிய கோப்பை அது மேலிருந்து கீழே வாசிக்கும். முதலில் பொருந்தும் வரிதான் தீர்ப்பு, கீழே எத்தனை கண்டிப்பான வரிகள் இருந்தாலும் அங்கே போகாது. உச்சியில் யாரோ அவசரத்துக்கு ‘டிரஸ்ட்’ என்று ஒரு வரி செருகிவிட்டால் கீழே இருப்பதெல்லாம் வெறும் அலங்காரம்.

எந்த முகவரியில் காது கொடுப்பது என்பதும் ஒரு தொடக்க வரிதான். 2017 ஜனவரியில் உலகெங்கும் பல்லாயிரம் மாங்கோடிபி தரவுத்தளங்கள் ஒரே மாதத்துக்குள் துடைக்கப்பட்டு, உள்ளே பணம் கேட்டுச் சீட்டு மட்டும் விடப்பட்டிருந்தது. திருடர்கள் எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. கடவுச்சொல் கேட்காமல், இணையத்தில் யார் பேசினாலும் பதில் சொல்லும்படி எழுப்பப்பட்டிருந்த சர்வர்கள் அவை. அதே ஆண்டின் இறுதியில் வந்த 3.6 பதிப்பிலிருந்து மாங்கோடிபி, யாரும் எதுவும் சொல்லாவிட்டால் தன் எந்திரத்துக்குள் மட்டுமே காது கொடுக்கிறது.

பழைய ஆரக்கிளில் நிறுவும்போதே வந்த கடவுச்சொற்கள் இன்னும் அழகு. உச்சக் கணக்கின் கடவுச்சொல்லே ‘நிறுவியதும் மாற்று’ என்று பொருள்படும் ஆங்கிலத் தொடர். பல இடங்களில் மாற்றவில்லை. பயிற்சிக்காகக் கொடுத்த கணக்கின் பெயர் ‘ஸ்காட்’, கடவுச்சொல் ‘டைகர்’. ஆரக்கிளின் தொடக்ககால ஊழியர் புரூஸ் ஸ்காட் வீட்டுப் பூனையின் பெயர் அது. இந்தியாவில் தொண்ணூறுகளில் கணினிப் படிப்பு படித்தவர்களில் பாதிப்பேர் முதலில் தட்டிய கடவுச்சொல் அந்தப் பூனையாகத்தான் இருக்கும்.

ஹைதராபாத்துக்கும் கணினித்துறைக்கும் இடையே ஒரு நிஜப் புலிக்கதையும் உண்டு. 2009 ஜனவரி 7 அன்று சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் ராமலிங்க ராஜு தன் இயக்குநர் குழுவுக்கு எழுதிய கடிதம் புலிச்சவாரி உவமைக்காகவே பேசப்பட்டது. கணக்கில் காட்டிய ரொக்கத்தில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்றது அது. ஆனால் அந்தக் கடிதத்தைவிட, பிறகு மத்தியப் புலனாய்வுத் துறை தோண்டி எடுத்த ஒரு விவரம்தான் எங்கள் தொழிலில் இருப்பவர்களை நிமிர்ந்து உட்காரவைத்தது.

சத்யத்தில் ஒரு இன்வாய்ஸ் பிறக்க ஒழுங்கான பாதை இருந்தது. ஊழியர்கள் உழைத்த மணிநேரம் ஒரு மென்பொருளில் பதிவாகும். அங்கிருந்து பில் தயாரிக்கும் மென்பொருளுக்குப் போகும். கடைசியில் இன்வாய்ஸ் மென்பொருள் வாடிக்கையாளருக்கான ஆவணத்தை உருவாக்கும். இதைத் தவிர, விதிவிலக்கான சமயங்களுக்காக, எக்ஸெல் தாளிலிருந்து இன்வாய்ஸ்களை நேரே உள்ளே ஏற்றும் ஒரு குறுக்கு வாசலும் இருந்தது. பெரிய நிறுவனம் எதிலும் இப்படி ஒரு வாசல் இருக்கும், அதில் ஆச்சரியமில்லை. ஆச்சரியம் அடுத்தது: ‘சூப்பர் யூசர்’ என்ற கணக்கில் நுழைந்தால் ஒரு இன்வாய்ஸை மறைக்கலாம், காட்டலாம். மறைத்துவிட்டால் அந்த வாடிக்கையாளருக்கு வேலை செய்யும் பிரிவினர் கண்ணுக்கு அது தெரியாது. வாடிக்கையாளருக்கும் போகாது. நிதிப் பிரிவின் விற்பனைக் கணக்கில் மட்டும், வரவேண்டிய தொகையாக, உயிரோடு இருக்கும். இப்படி 7,561 போலி இன்வாய்ஸ்கள் என்று கணக்கெடுத்தார்கள். 2015 ஏப்ரல் 9 அன்று ஹைதராபாத் சிறப்பு நீதிமன்றம் ராஜு உட்படப் பத்துப்பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்து ஏழாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் அடுத்த மாதமே தண்டனை நிறுத்திவைக்கப்பட்டு ஜாமீன் கிடைத்தது.

அந்தச் சூப்பர் யூசர் யூனிக்ஸின் ரூட் அல்ல, இன்வாய்ஸ் மென்பொருளுக்குள் இருந்த ஒரு கணக்கு. இருந்தாலும் நோய் ஒன்றுதான். ‘மறை’ என்ற பொத்தான் ஒரு மென்பொருளில் தானாக முளைக்காது. யாரோ கேட்டிருப்பார்கள், யாரோ எழுதியிருப்பார்கள், யாரோ சோதித்துப் பார்த்து ‘நன்றாக வேலை செய்கிறது’ என்று கையெழுத்தும் போட்டிருப்பார்கள். அந்த மூன்றாவது ஆளைப் பற்றி நான் பல இரவுகள் யோசித்திருக்கிறேன். எனக்கும் அவருக்கும் வேலை விவரம் ஏறக்குறைய ஒன்றுதான்.

சத்யத்தில் சாவி உள்ளே இருந்தவர்களிடமே இருந்தது. பதின்மூன்று ஆண்டு கழித்து அதே நகரத்தில் சாவி வெளியாள் கைக்குப் போனது. 2022 ஜனவரியில் ஏ.பி. மகேஷ் கூட்டுறவு நகர வங்கியிலிருந்து 12 கோடியே 48 லட்சம் ரூபாய் மின்வழியே எடுக்கப்பட்டது. அந்த மார்ச் மாதம் நகரக் காவல் ஆணையர் சி.வி. ஆனந்த் விசாரணை விவரங்களைச் சொன்னபோது பணத்தைவிட வழிதான் சுவாரசியமாக இருந்தது. முந்தைய நவம்பரில் வங்கி ஊழியர்களுக்கு 200க்கும் மேற்பட்ட போலி மின்னஞ்சல்கள் வந்திருக்கின்றன. இரண்டு ஊழியர்கள் சொடுக்கிவிட்டார்கள். அவர்கள் கணினியில் தொலைவிலிருந்து ஆட்டுவிக்கும் ஒரு நிரல் குடியேறியது. அங்கிருந்து உள் நெட்வொர்க். வங்கியில் பத்து சூப்பர் யூசர்கள் இருந்தார்கள், அவர்களில் சிலருக்கு ஒரே கடவுச்சொல் என்றது போலீஸ்.

பத்துப்பேர். இதில் வேகமாகத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. ஒரு சூப்பர் யூசர் இருந்தால் தவறு நடந்ததும் யாரென்று தெரியும். அவர்களில் சிலருக்கு ஒரே கடவுச்சொல் என்றால் அந்தச் சிலரும் ஒருவர்தான். யார் என்ன செய்தார் என்று எந்திரம் எழுதிவைக்கும் பதிவேடான லாக்கில் பதிவாகும் பெயருக்கு அர்த்தமில்லை. ஒருவர் கணினி விழுந்தால் அத்தனைபேர் கதவும் விழும். இது ஏன் நடக்கிறது என்பது தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஒருவர் விடுப்பில் போகிறார், ராத்திரி ஏதோ நின்றுவிடுகிறது, ‘பாஸ்வேர்டு சொல்லுங்கண்ணா, காலையில மாத்திக்கலாம்’ என்று ஒரு போன். காலை வந்துவிடும், மாற்றம் வராது. மகேஷ் வங்கிப் பணம் அடுக்கடுக்காகப் பல கணக்குகளுக்குப் பிரிந்து, நாடு முழுக்க நூற்றுக்கணக்கான ஏடிஎம்களில் ரொக்கமாக வெளியே வந்தது. சைபர் பாதுகாப்பு விதிகளைப் பின்பற்றவில்லை என்று 2023இல் ரிசர்வ் வங்கி அந்த வங்கிக்கு 65 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது.

கடவுச்சொல்லைப் பகிராமல் அதிகாரத்தை மட்டும் பகிர யூனிக்ஸ்காரர்கள் 1980 வாக்கிலேயே வழி கண்டுவிட்டார்கள். அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் எழுதிய ‘சூடோ’ என்ற சிறு நிரல் அது. ரூட்டின் கடவுச்சொல் யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. உங்கள் சொந்தக் கடவுச்சொல்லைக் கொடுத்தால், உங்களுக்கென்று எழுதிவைத்த கட்டளைகளை மட்டும் ரூட் பெயரில் ஓட்டித்தரும். யார், எப்போது, என்ன கட்டளை என்று குறித்தும் வைக்கும். தரவுத்தளத்தை எழுப்பவும் நிறுத்தவும் ஒருவருக்கு, உள்ளே திருத்த வேறொருவருக்கு என்று பிரித்துக்கொடுக்க இது போதும். ஆரக்கிள் 2013இல் வெளியிட்ட 12சி பதிப்பில் சிஸ்டிபிஏ என்ற ஒற்றைச் சாவியிலிருந்து காப்புப்பிரதி எடுக்க ஒன்று, மறைக்குறியாக்கச் சாவிகளைப் பார்த்துக்கொள்ள ஒன்று என்று சிறு சாவிகளை வெட்டியெடுத்தது. நம் ஊர்க் கோயில் உண்டியலில் ஒன்றுக்கு மேல் பூட்டுப் போட்டு, அறநிலையத்துறை அதிகாரிகள் முன்னால் திறந்து எண்ணுவதும் இதே கணக்குதான். பூசாரிமேல் சந்தேகம் என்று அதற்கு அர்த்தமில்லை. பின்னால் சந்தேகம் வந்தால் பூசாரிக்கே அது பாதுகாப்பு.

தொடக்க அமைப்பில் இன்னொரு கண்ணி உண்டு, திருடனே இல்லாமல் சேதம் செய்வது: வரிசை. இப்போதைய லினக்ஸ் எந்திரங்களில் முதலில் எழுந்து மற்றவற்றை எழுப்புவது ‘சிஸ்டம்டி’. அதனிடம் ‘ஸ்டார்ட்’ என்று சொன்னால் இப்போது எழுப்பும், ‘எனேபிள்’ என்று சொன்னால்தான் அடுத்த ரீபூட்டிலும் தானே எழுப்பும். இரண்டும் ஒன்றென்று நினைத்து அவமானப்பட்டவர்கள் வரிசையில் நானும் நிற்கிறேன். அதைவிடக் கொடுமை, தரவுக் கோப்புகள் இருக்கும் வட்டு இணையும் முன்பே தரவுத்தளம் எழுந்துவிடுவது. வீட்டுக்காரர் முழித்துப் பார்த்தால் வீடு காலி. போஸ்ட்கிரெஸ் இந்த நிலையில் எழ மறுத்து நின்றுவிடும், அது நல்லது. ஆனால் அடைவு காலியாக இருந்தால் புதிதாக ஒரு வெற்றுத் தரவுத்தளத்தை உருவாக்கிக்கொண்டு எழும் அதிபுத்திசாலித் தொடக்க நிரல்கள் ஒரு காலத்தில் இருந்தன. சிறிது நேரம் கழித்து வட்டு அதே இடத்தில் வந்து இணையும்போது ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் காலடியில் தரையே மாறிவிடும். இந்த வட்டு வந்த பிறகே எழுப்பு என்று சிஸ்டம்டிக்கு ஒரு வரி எழுதிவைத்தால் தீர்ந்தது.

கோல்கொண்டாக் கோட்டைக்குப் போனவர்கள் ஃபதே தர்வாஸா வாசலில் கைதட்டிப் பார்த்திருப்பார்கள். சுமார் ஒரு கிலோமீட்டர் தள்ளி, குன்றின் உச்சியில் இருக்கும் பாலா ஹிசாரில் அந்த ஒலி கேட்கும். வழிகாட்டிகள் அதை வேடிக்கையாகக் காட்டுவார்கள். எனக்கு அதில் பிடித்தது வேறு: ஒலி உச்சிக்குப் போவதை வாசல் காவலாளியால் தடுக்க முடியாது. தரவுத்தளத்தின் லாக் அப்படி இருக்க வேண்டும். நடைமுறையில் லாக் எழுது என்பதும் அதே அமைப்புக் கோப்பில் ஒரு வரி, எழுதிய லாக்கும் அதே எந்திரத்தில் ஒரு கோப்பு. இரண்டையும் மாற்ற நிர்வாகியால் முடியும். ஆகவே எழுதிய கணமே அதை வேறொரு எந்திரத்துக்கு, வேறொருவர் பொறுப்பில் இருக்கும் எந்திரத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். 2022 ஏப்ரல் 28 அன்று இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் இட்ட ஆணைப்படி லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், எந்திரங்களின் கடிகாரங்களையும் பொது நேரத்தோடு ஒத்துவைக்க வேண்டும். கடிகாரம் எதற்கென்று கேட்பவர்கள், இரண்டு எந்திரங்களின் லாக்கை வைத்து எது முதலில் நடந்தது என்று கண்டுபிடிக்க முயன்றதில்லை.

சத்யம் போன்ற கதை மறுபடி நடக்காமலிருக்க ஒரு விதியும் வந்திருக்கிறது. நிறுவனங்களின் கணக்கு விதிகளில் 2021இல் செய்த திருத்தம், 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. கணக்கு எழுதும் மென்பொருள் ஒவ்வொரு திருத்தத்துக்கும் தேதியோடு தடம் விட வேண்டும், அந்தத் தடத்தை அணைக்க முடியாதபடி இருக்க வேண்டும். அப்படி இருந்ததா என்று தணிக்கையாளர் தன் அறிக்கையில் சொல்ல வேண்டும். விதி வந்த பிறகு வெளியான ஆண்டறிக்கைகளைப் புரட்டினால் பல நிறுவனங்களின் தணிக்கைக் குறிப்பில் ஏறக்குறைய ஒரே வரி வருகிறது. மென்பொருளின் திரைவழியே செய்த மாற்றங்களுக்குத் தடம் உண்டு, தரவுத்தளத்துக்குள் நேரே செய்யும் மாற்றங்களுக்குத் தடம் இயக்கப்படவில்லை. திரையைத் தாண்டி நேரே உள்ளே போகக்கூடியவர்கள் அந்த நிறுவனத்தில் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். ஞாயிறு நள்ளிரவில் ரீபூட் செய்கிறவர்களும் அவர்கள்தான்.